பெட்டியைத்தான் மாற்றினோம், தேயிலையை அல்ல

2023 செப்டம்பர் 9, சனிக்கிழமை ராத்திரி. டில்லியில் ஜி20 மாநாடு. எங்கள் வீட்டு டிவியில், அன்று அறிவித்த இந்தியா–மத்திய கிழக்கு–ஐரோப்பா வழித்தடத்தின் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. மும்பையில் புறப்பட்ட அம்பு அரபிக்கடலைத் தாண்டி எமிரேட்ஸில் கரையேறி, சவூதிப் பாலைவனத்தை ஒரே இழுப்பில் கடந்து, ஜோர்டான் வழியாக இஸ்ரேலின் ஹைஃபாவில் இறங்கி, மறுபடி கடலில் குதித்து ஐரோப்பாவில் போய் நின்றது. மொத்தம் நாலு செகண்டு. "பாத்தீங்களா மாப்ளே, இனிமே உங்க வேலையெல்லாம் ரொம்பச் சுளுவாப் போயிரும்" என்றார் மாமனார். நான் பதில் சொல்லவில்லை. என் மடியில் லேப்டாப், அதில் ஒரு கப்பல் கம்பெனியின் டிராக்கிங் பக்கம். ஒரு நாற்பதடிக் கன்டெய்னர் பெட்டியின் எண்ணைப் போட்டால் "பந்தர் அப்பாஸ், காலிப் பெட்டி திருப்பி ஒப்படைக்கப்பட்டது" என்று வந்தது. அந்தப் பெட்டிக்குள் குன்னூர்த் தேயிலை இருக்க வேண்டும். மாஸ்கோவுக்குப் போக வேண்டிய தேயிலை.

அடுத்த பதினோரு நாள் நான் அந்தத் தேயிலைக்குச் சொந்தக்காரரான குன்னூர்க்காரரிடம் பொய் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காலை ஒன்பதரைக்கு மணி அடித்தாற்போல் போன் வரும். "தம்பி, நம்ம பொட்டி எங்கீங்க இருக்குது?" "ஈரான்லதாங்கண்ணா இருக்குது, வண்டிக்கு வெயிட்டிங்." "செரிங்க தம்பி, பாத்துக்கங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சரக்கு அனுப்பும் தொழிலில் நவி மும்பையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டி தாமதமானதுண்டு, தப்பான துறைமுகத்தில் இறங்கியதுண்டு, ஒருமுறை தண்ணீரில் விழுந்ததும் உண்டு. ஆனால் பெட்டி பத்திரமாகத் திரும்பி வந்து, உள்ளே இருந்த சரக்கு மட்டும் எங்கே என்று தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

அந்தத் தேயிலை போனது டிவியில் காட்டிய புதுப் பாதையில் அல்ல, ரொம்பப் பழைய ஒரு புதுப் பாதையில். சர்வதேச வடக்கு–தெற்குப் போக்குவரத்து வழித்தடம். 2000 செப்டம்பர் 12 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்தியா, ஈரான், ரஷ்யா மூன்றும் கையெழுத்துப் போட்டன. மும்பையிலிருந்து கப்பலில் பந்தர் அப்பாஸ். அங்கிருந்து லாரியிலோ ரயிலிலோ ஈரானைத் தெற்கு வடக்காகக் கடந்து காஸ்பியன் கரையிலுள்ள அன்சாலி. மறுபடி சின்னக் கப்பலில் அஸ்ட்ரகான். பிறகு ரஷ்ய ரயிலில் மாஸ்கோ. சுமார் 7,200 கிலோமீட்டர். சூயஸ் சுற்றிப் போனால் நாற்பது நாளைத் தொடும், இதில் இருபத்தைந்து நாள் என்பது விளம்பரம். 2014-இல் இந்தியச் சரக்கு முகவர் கூட்டமைப்பு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்து, 15 டன்னுக்கு 2,500 டாலர் மிச்சமாகும் என்று ஒரு கணக்குச் சொன்னது. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் திரையில் அந்த 2,500 டாலர் வந்துவிடும். வெள்ளோட்டத்துக்கு ஸ்கூல் போன பையன் கல்யாணமாகி வந்துவிட்டான், எண் மாறவில்லை.

2022-க்கு முன்னால் இந்தத் தடத்தை எங்கள் வட்டாரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உக்ரைன் போர் வந்தது. பெரிய கப்பல் கம்பெனிகள் ரஷ்யாவுக்கு முன்பதிவை நிறுத்தின. அந்த வருஷம் ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இரண்டு பெட்டி, 41 டன் மரப் பலகைச் சரக்கு, இந்தத் தடம் வழியாக மும்பை பக்கத்து நவ சேவா துறைமுகத்துக்கு வரப் புறப்பட்டது. இரண்டே பெட்டி! அது நாட்டுச் செய்தியானது. பேப்பரில் படித்துவிட்டுத்தான் குன்னூர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். நீலகிரித் தேயிலைக்கும் ரஷ்யாவுக்கும் பழைய உறவு. சோவியத் இருந்தவரை ரூபாயில் கணக்கு, ஒரே அரசாங்கம் வாங்கும். அது உடைந்தபோது மலையில் சின்ன விவசாயிகள் பட்ட பாட்டை அவர் ஒருநாள் போனிலேயே முக்கால் மணி நேரம் சொன்னார். "வாங்கறவன் அங்கதான் இருக்கான் தம்பி, வழிதான் இல்ல" என்பது அவர் வாதம். கொச்சி பக்கத்திலிருக்க, சேவை நவ சேவாவிலிருந்துதான் என்பதால் தேயிலையை லாரியில் மேற்குக் கரை நெடுக வடக்கே கொண்டுவந்தோம். குறுக்கு வழிக்குப் போகச் சுற்று வழி. அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

நாலு விரக்கடை

வழித்தடம் என்றதும் எல்லோரும் கேட்பது தண்டவாளத்தைப் பற்றித்தான். கேட்பதில் தப்பில்லை. தடத்தின் மேற்குக் கிளையில், ஈரானின் ராஷ்ட் நகரத்துக்கும் அஜர்பைஜான் எல்லையிலுள்ள அஸ்தராவுக்கும் நடுவே, 162 கிலோமீட்டர் ரயில் பாதை இன்னும் இல்லை. அது மட்டும் வந்துவிட்டால் பந்தர் அப்பாஸில் ஏற்றிய சரக்கைக் காஸ்பியனில் நனைக்காமல் மாஸ்கோ வரை தண்டவாளத்திலேயே கொண்டுபோகலாம். 2023 மே மாதம் புடினும் அப்போதைய ஈரான் அதிபர் ரய்சியும் காணொளியில் உட்கார்ந்திருக்க அதற்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 130 கோடி யூரோ ரஷ்யக் கடன். கடன் வந்தாலும் நிலம் எடுக்க வேண்டும். அந்தக் காஸ்பியன் கரை முழுக்க நெல்வயலும் வீடுமாக நெருக்கமான பூமி. நம்மூரில் ஒரு பைபாஸுக்கு நிலம் எடுக்க எத்தனை வருஷம் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

பாதை போட்டாலும் அஸ்தராவில் வண்டி நிற்கும். ஈரான் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், பழைய சோவியத் தண்டவாளம் 1,520. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், நாலு விரக்கடைக்குச் சற்று மேல். அந்த நாலு விரலுக்காக ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி அடுத்த வண்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் சக்கரத்தை மாற்ற வேண்டும். கடல் வழிக்கு வேறு வியாதி. காஸ்பியன் சுமார் முப்பது வருஷமாக வற்றிக்கொண்டு வருகிறது. துறைமுக வாயில் ஆழம் குறையக் குறையக் கப்பல்கள் முழுச்சுமை ஏற்ற முடியாமல் போகின்றன. குளிர்காலத்தில் அஸ்ட்ரகானுக்குப் போகும் வாய்க்காலில் பனிக்கட்டியை உடைத்துத்தான் கப்பல் ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் பெரிய தடைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் தேயிலை இவற்றில் எதிலும் சிக்கவில்லை. அது தண்டவாளத்தையே பார்க்கவில்லை, காஸ்பியனையும் அதுவரை எட்டவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி யார்டில் காணாமல் போயிருந்தது.

மோந்து பார்த்தவர்

பந்தர் அப்பாஸில் எங்களுக்கு இருந்த ஏஜென்ட் போன் எடுக்கவில்லை. ஈரானில் வியாழன், வெள்ளி விடுமுறை. ரஷ்யாவில் சனி, ஞாயிறு. எங்களுக்கு ஞாயிறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், திங்கள், செவ்வாய், புதன் மூன்றே நாள்தான் மூன்று நாடும் ஒன்றாக விழித்திருக்கும். அதில் ஒரு நாள் ஏதாவது பண்டிகை. இந்தத் தடத்தைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இதைப் படித்ததில்லை.

பதினோராவது நாள் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வந்தார். எங்கள் ஏஜென்ட் வேலையைக் கைமாற்றிவிட்ட இன்னொரு ஏஜென்ட்டின் ஊழியர், யார்டைப் பார்த்துக்கொள்பவர். பதினாலு படங்கள் அனுப்பினார். இரண்டு பெட்டிகள் முதுகோடு முதுகாக நிற்கின்றன, கதவுகள் திறந்திருக்கின்றன, நாலு ஆட்கள் தேயிலை மூட்டைகளை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் அடுக்குகிறார்கள். கப்பல் கம்பெனி தன் பெட்டியை ஈரானுக்கு அப்பால் விட மறுத்துவிட்டது. ரஷ்யாவுக்குள் போன பெட்டி திரும்பி வருமா என்ற பயம் அவர்களுக்கு. அதனால் ரஷ்யாவிலிருந்து வந்து நின்ற வேறொரு பெட்டிக்குச் சரக்கை மாற்றி, புதுச் சீல் போட்டு, வடக்கே அனுப்பிவிட்டார்கள். பழைய பெட்டியைக் கழுவி ஒப்படைத்துவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி எல்லாம் சரி. எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதில்தான் மூன்று பேர் மூன்று திசையைக் காட்டினார்கள்.

தேயிலை உயிரோடு இருக்கிறது என்றதும் வந்த நிம்மதி ஒரு நிமிஷம் நிலைக்கவில்லை. தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். மிளகாய், சோப்பு, மீன்தூள், எதை ஏற்றிய பெட்டியில் வைத்தாலும் சரக்கு போச்சு. குன்னூர்க்காரர் நவ சேவாவில் பெட்டி ஏற்றும்போது தானே நேரில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மூலையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். அந்தப் பெட்டிதான் இப்போது காலி. "புதுப் பெட்டியில் இதற்கு முன் என்ன வந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல்பதிவு வந்தது, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். தேயிலை என்று கேள்விப்பட்டதும், ஏற்றுவதற்கு முன் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாராம். மர வாசனைதான் இருந்ததாம். ஒரு மணி நேரம் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, மறுபடி மோந்து பார்த்தாராம். "எங்கள் வீட்டிலும் தேநீர்தான் குடிக்கிறோம்" என்று முடித்தார்.

அந்தப் பதிவை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று கணக்கில்லை. எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் அந்தப் பெண்ணை மோந்து பார்க்கச் சொல்லவில்லை. அவருக்கு அதற்குச் சம்பளமும் இல்லை. குன்னூர்க்காரரைக் கூப்பிட்டு, பதினோரு நாள் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தப் புள்ள மோந்து பாத்துதாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப செரி." அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ரஷ்யச் சுங்கத்துக்கு அது போதவில்லை. போதவும் கூடாது. அஸ்ட்ரகானில் வந்து இறங்கிய பெட்டி எண் வேறு, சீல் எண் வேறு. பிஎல் என்கிற கப்பல் சரக்குச் சீட்டிலும், தாவர நலச் சான்றிதழிலும் இருப்பது பழைய எண்கள். நிறுத்திவிட்டார்கள். தேயிலையில் அவர்கள் கறார்தான். 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பெட்டி ஒன்றில் ஒரு வண்டு கிடைத்ததென்று இலங்கைத் தேயிலைக்கே சில நாள் தடை போட்டவர்கள். (வண்டு ஒரு சாக்கு, ரஷ்யாவிலிருந்து வரும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இறக்குமதிக்கு இலங்கை போடவிருந்த தடைதான் காரணம் என்று அப்போது பேசியவர்களும் உண்டு.) பந்தர் அப்பாஸ் பெண் ஈரான் சுங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கினார். அதில் அவரே சொல்லி எழுதவைத்த வரி ஒன்று இருந்தது: பெட்டியைத்தான் மாற்றினோம், தேயிலையை அல்ல. அசலை அன்சாலிக்குப் போகும் ஒரு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அது கப்பலேறி, ரஷ்ய மொழியாகி, ஒரு தரகர் கையில் போய்ச் சேர்ந்து, பெட்டி வெளியே வரும்போது புறப்பட்டு ஐம்பத்தெட்டு நாள்.

யார் பக்கம் தப்பு என்று இன்றுவரை யோசிக்கிறேன். கப்பல் கம்பெனி தன் பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டது. யார்டு தன் வேலையைச் செய்தது. சுங்கம் எண்ணைச் சரிபார்த்தது. எல்லோரும் அவரவர் எல்லைக்குள் சரியாக இருந்தார்கள், எல்லைக்கும் எல்லைக்கும் நடுவில் இருந்த தேயிலை மட்டும் யாருடையதாகவும் இல்லை. இதற்கு மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிஐஆர் என்று ஐ.நா.வின் 1975 உடன்படிக்கை ஒன்று உண்டு: புறப்படும் இடத்தில் சுங்கம் போட்ட சீலை வழியிலுள்ள நாடுகள் நம்பி, திறக்காமல் விட வேண்டும். ஈரானும் ரஷ்யாவும் உறுப்பினர்கள், இந்தியா 2017-இல் சேர்ந்தது. ஆனால் அந்தச் சீல் ஒரு பெட்டியின் கதவில் தொங்குவது. பெட்டியையே மாற்றும்போது உடன்படிக்கை எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்?

பெட்டி ஏன் மாறியது என்று பின்னால் போனால் பொருளாதாரத் தடையில் போய் முட்டும். இந்தத் தடத்துக்கு உயிர் கொடுத்ததும் அதுதான், கழுத்தைப் பிடித்திருப்பதும் அதுதான். ரஷ்யாவுக்கு மேற்குக் கதவு அடைபட்டதால்தான் தெற்குக் கதவை யாரோ தட்டினார்கள். அதே தடையால் பெரிய கம்பெனிகள் பெட்டி தர மாட்டார்கள், வங்கி பணம் மாற்றப் பயப்படும், இன்ஷூரன்ஸ்காரர் ஈரான் என்ற பெயரைக் கேட்டதும் கூடுதலாக நாலு படிவம் கேட்பார். போதாக்குறைக்கு, சரக்கு ஒருபக்கமாகவே ஓடுகிறது. 2023–24-இல் ரஷ்யாவிடம் நாம் வாங்கியது சுமார் 6,100 கோடி டாலர், விற்றது 426 கோடி. வாங்கியதில் பெரும்பங்கு கச்சா எண்ணெய். அது டேங்கர் கப்பலில் தன் போக்கில் வந்துவிடும், இந்தத் தடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போகும்போதும் வரும்போதும் பெட்டி நிறையாத பாதையில் எவன் பெட்டி வாங்கி விடுவான்?

உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வரும். மூன்று நாடுகளில் தொடங்கியது பதின்மூன்றாக வளர்ந்தது. அதில் ரஷ்யாவும் உண்டு, உக்ரைனும் உண்டு. ஆர்மீனியாவும் உண்டு, அஜர்பைஜானும் உண்டு. சண்டைக்காரர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்து இலை போட்ட மாதிரி.

டிவியில் பார்த்த அந்த இன்னொரு தடத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்தியா, அமெரிக்கா, சவூதி, எமிரேட்ஸ், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து அறிவித்தது. ஒரு மாசம் முடிவதற்குள் இஸ்ரேல் மீது அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல் வந்தது, ஹைஃபா என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிப்போனது. போரை விடுங்கள். ஒரு பெரிய கப்பலில் 20,000 பெட்டி போகும். ஒரு ரயிலில் சில நூறு. கப்பலிலிருந்து இறக்கி, பாலைவனத்தில் ரயில் மாற்றி ரயில் ஓட்டி, மறுபடி கப்பலில் ஏற்றும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரு யார்டு இருக்கும், ஒரு சீல் இருக்கும், யாரோ ஒருவர் போன் எடுக்காமல் இருப்பார். அம்பு வரைந்தவர்கள் அந்த யார்டுகளில் ஒரு ராத்திரி நின்று பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

நிகிடினின் குதிரை

அந்த வருஷம் தீபாவளி லீவில் குடும்பத்தோடு அலிபாக் போனோம். அங்கிருந்து பக்கம்தான் ரேவ்தண்டா, பழைய சௌல் துறைமுகம் இருந்த இடம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அஃபனாசி நிகிடின் என்ற ரஷ்ய வியாபாரிக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகள் கடலுக்குப் போகணும் என்று நச்சரிக்க, நான் அங்கே போய் நின்றேன். 15-ஆம் நூற்றாண்டில் வால்கா ஆற்றோரத்து ட்வேர் நகரத்திலிருந்து கிளம்பியவர். அஸ்ட்ரகான் அருகே கொள்ளை போய், காஸ்பியனைக் கடந்து, பாரசீகம் முழுக்க நடந்து, ஹோர்முஸில் கப்பலேறி இங்கே வந்து இறங்கினார். என் தேயிலை போன வழியை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விற்பதற்காக ஒரு குதிரை கொண்டுவந்தார். ஜுன்னாரில் கோட்டைத் தலைவன் அதைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால்தான் தருவேன் என்றான். கொராசானிலிருந்து வந்திருந்த ஒரு பாரசீகர் போய்ப் பேசிக் குதிரையை மீட்டுக் கொடுத்தார். நிகிடின் தன் குறிப்பில் இன்னொன்றும் எழுதிவைத்திருக்கிறார்: மிளகு மலிவுதான், ஆனால் சுங்கம் அதிகம், கடலில் கொள்ளையரும் அதிகம்.

தூணைப் பார்த்தபடி அந்தக் கொராசான்காரரைத்தான் யோசித்தேன். அவருக்குத் தூண் கிடையாது.

திரும்பி வந்த வாரம் செங்கடலில் ஒரு கப்பலை ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்தார்கள். அடுத்த ஒரு மாதத்தில் பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. பத்து, பதினாலு நாள் கூடுதல், கட்டணம் பலமடங்கு. "இனி கடல்தாங்க தம்பி, அந்தக் குறுக்குச் சந்து வேண்டாம்" என்று சொல்லியிருந்த குன்னூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். "அந்தப் புள்ள இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?" 2024-இல் இரண்டு பெட்டி போனது. இந்தத் தடவை பிஎல் போடும்போதே எந்தப் பெட்டிக்கு மாற்றுவோம் என்று அந்தப் பெண்ணிடம் எண் வாங்கி வைத்துக்கொண்டோம். இரண்டும் முப்பத்தைந்து நாளுக்குள் போய்ச் சேர்ந்தன. இதை யாரும் எந்தக் கருத்தரங்கிலும் திரையில் காட்ட மாட்டார்கள், காட்டும்படியும் இல்லை.

2025 ஏப்ரல் 26 அன்று பந்தர் அப்பாஸின் ஷாஹித் ரஜாயி துறைமுகத்தில் பெரும் வெடிப்பு. படங்களில் பெட்டிகள் தீப்பெட்டி மாதிரி கருகிக் கிடந்தன. அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நாள் ஒற்றை டிக்தான். மூன்றாம் நாள் "நான் அன்று விடுமுறை" என்று ஒரு வரி வந்தது. ஜூனில் இஸ்ரேலோடு போர், இன்டர்நெட்டும் துண்டிப்பு, மறுபடி ஒற்றை டிக். அது நீலமாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

போன வாரம் குன்னூர்க்காரர் புது ரேட் கேட்கச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், மறுநாளே வந்தது. கடல் கட்டணம், லாரி, அன்சாலிக் கூலி என்று வரிசையாகப் போய், கடைசியில் பெட்டி மாற்றும் கூலி. அதற்குக் கீழே தேயிலைக்கு மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார், "பெட்டி வாசனை பார்த்தல்: கட்டணம் இல்லை" என்று. ரேட் ஏழு நாளைக்குத்தான் செல்லும். இன்று ஆறாவது நாள். காலையிலிருந்து அண்ணாவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன், தோட்டத்தில் டவர் இல்லை போலிருக்கிறது.